பரளச்சிப் பக்கத்து உப்புக் கிணறும் ஒரு பேல் ஏலும்

போன மாசி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை மதுரையிலிருந்து கிளம்பி, திருச்சுழிக்குத் தெற்கே பரளச்சிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போய் வந்தேன். கோயிலுக்குப் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. ஒரு பீரைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லப் போனேன். குடியைப் பற்றிய கட்டுரை என்று இரண்டு பத்திரிகைகள் இதைத் திருப்பி அனுப்பிவிட்டன. சுவைப்பது வேறு, குடிப்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியாதவர்கள் இத்துடன் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

நான் மலைமேல் ஒரு பீர் ஆலையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன். அதில் பத்தொன்பது வருஷம் தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு பீப்பாயிலும் மூன்று மிடறு சுவைத்து, நிறம், மணம், கசப்பு எல்லாம் சொல்வேன். நான் சொன்னதை ஆலையின் வெள்ளைக்காரத் துரை தன் கையெழுத்தில் எழுதிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். துரை குப்பையில் போட்ட பீர் காய்ச்சும் புத்தகம் ஒன்றை எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு ஆறு வருஷத்தில் படித்து முடித்தேன்.

பேல் ஏல் என்பது பொன்னிறமான பீர். ஹாப்ஸ் என்ற சீமைப் பூவின் கசப்பு அதில் தூக்கலாக இருக்க வேண்டும். அந்தக் கசப்பு நாக்கில் சுருக்கென்று தைத்து, உலர்ந்து, உடனே விலகிப் போக வேண்டும். எங்கள் ஆலைப் பேல் ஏலில் அது விலகாது. தீய்ந்த பொரியல் மாதிரி அடிநாக்கில் உட்கார்ந்துகொள்ளும். பட்டாளத்துக்கு அனுப்பிய பெட்டிகள் திரும்பி வந்தபோது நான் காரணம் சொன்னேன். மலைத் தண்ணீர் மிகவும் மென்மையானது, பேல் ஏலுக்குச் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் கலந்த கடினத் தண்ணீர் வேண்டும் என்று. உன்னை யார் கேட்டது என்றார் துரை. ஒரே வாரத்தில் என்னைப் போத்தல் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். பதிவேட்டில் எழுதிய காரணம், “நாக்கு கெட்டுவிட்டது.” அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் கொதிகலன் மேஸ்திரி ஞானமுத்து. அவன் பெயரை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஞானமுத்து இந்தக் கரிசல் காட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் மகள் கல்யாணத்துக்குப் போனபோது அவன் வீட்டுக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. புத்தகம் சொன்ன தண்ணீர் அதுதான். ஓய்வு பெற்றபின் இருவரும் கடிதத்தில் மூன்று வருஷம் சண்டை போட்டு, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஆலையை விட்டு வரும்போது எங்களுக்குக் கிடைத்த எட்டு வீசை முளைகட்டிய வாற்கோதுமையையும் ஒரு பொட்டலம் ஹாப்ஸையும் வைத்து, மார்கழிக் குளிரில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அவன் காய்ச்ச வேண்டும். மாசியில் நான் சுவைக்க வேண்டும். கசப்பு விலகினால், பதிவேட்டில் போட்ட கையெழுத்து பொய் என்று அவன் எழுதித் தர வேண்டும். கலால்காரர்கள் இதைப் படிப்பார்களானால் படிக்கட்டும். காய்ச்சிய அண்டாவில் இப்போது நெல் அவிகிறது.

இனிப் பயணம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு நேரே பஸ் உண்டு. கரி பஸ்ஸில் முப்பது மைலை என் முதுகு ஒப்புக்கொள்ளாது. ஆகவே காலை 6.40 ரயிலில் விருதுநகர், இருபத்தேழு மைல், மூன்றாம் வகுப்பு ஒன்பது அணா. அங்கிருந்து அருப்புக்கோட்டைக்குப் பன்னிரண்டு மைல், பஸ் கட்டணம் ஆறணா. ஒன்பது மணி பஸ் 9.35க்குக் கிளம்பியது. உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் வரவில்லை, பஸ்ஸின் முதுகில் கரி அடுப்புத்தான் இன்னும் எரிகிறது. பாலவனத்தத்தில் அடுப்பு அணைந்து, எல்லோரையும் இறக்கிவிட்டுப் பதினைந்து நிமிஷம் துருத்தி சுற்றினார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்கிறது. இரண்டு இட்லி சாப்பிட்டேன், சட்னி தொடவில்லை. மிளகாய் பட்ட நாக்கு ஒரு நாள் எதற்கும் உதவாது. 11.30க்குத் திருச்சுழி பஸ், ஒன்பது மைல், ஐந்தணா. அங்கே கோயில் பக்கத்தில் கருப்பையா என்பவரின் மாட்டுவண்டியை ஒன்றேகால் ரூபாய்க்குப் பேசினேன். ஐந்து மைல் என்றார் அவர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், ஆறே முக்கால் மைலுக்குக் குறையாது. வழி நெடுகப் பருத்தி காய்ந்து நின்றது. ஐப்பசி மழை தவறிய வருஷம்.

எதற்காகப் போகிறேன் என்று கருப்பையா கேட்டார். மறைக்காமல் சொன்னேன். மூன்று மிடறு வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவேன் என்றும், கிளாஸில் மிஞ்சியதைத் தரையில் ஊற்றிவிடுவேன் என்றும், தொழில் முறை அதுதான் என்றும் விளக்கினேன். அவர் மாட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எங்க ஊருல குடிச்சுட்டுத் துப்புறவனப் பாத்துருக்கேன் ஐயா. துப்புறதுக்குன்னே ரயிலேறி வாரவரு நீங்கதான்.”

3.40க்கு ஞானமுத்துவின் வீடு சேர்ந்தேன். ஞானமுத்து அப்படியேதான் இருக்கிறான், பல் மட்டும் குறைந்திருக்கிறது. அவன் மனைவி எஸ்தர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். ஊரார் குடிக்கும் ஊருணிக் குளத்துத் தண்ணீர், மென்மையாக, லேசான மண்வாசனையோடு இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். நான் சோறும் மோரும் போதும் என்றேன். நாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. அந்த அம்மாளின் முகம் சுருங்கியது.

“இந்த ஆளு மலையிலயும் இப்படித்தான்,” என்றான் ஞானமுத்து. “கல்யாண வீட்டுல போயி கஞ்சி கேப்பான்.”

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொல்லையில் வேப்பமர நிழலில் பெஞ்சு போட்டோம். ஈரச் சாக்கு சுற்றி மணலில் புதைத்து வைத்திருந்த போத்தல்களில் ஒன்றை அவன் எடுத்து வந்தான். நான் மதுரையிலிருந்து ஆலைப் பேல் ஏல் ஒரு போத்தல் கொண்டுபோயிருந்தேன், ஒப்பிடுவதற்கு.

ஞானமுத்து காய்ச்சியதைக் குறை சொல்ல முடியாது. நிறம் புதுத்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து விரல் ரேகை தெரிகிறது. நுரை வெண்மையாக நான்கு நிமிஷம் நின்றது. மணத்தில் புளிப்பு இல்லை, அந்தச் சூட்டில் அது பெரிய காரியம். முதல் மிடறு தானியத்தின் இனிப்போடு தொடங்கியது. பிறகு கசப்பு வந்தது. அது விலகுவதற்காகக் காத்திருந்தேன்.

விலகவில்லை. அடிநாக்கில் பரவி உட்கார்ந்தது. செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு இரண்டாவது மிடறு. அதே. ஆலைப் போத்தலைத் திறந்து சுவைத்தேன். அண்ணன் தம்பி போல இருந்தன இரண்டும். மூன்றாவது மிடற்றையும் துப்பிவிட்டு, கிளாஸைக் கரிசல் மண்ணில் கவிழ்த்தேன். சமையலறை வாசலில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார்.

ஞானமுத்து என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். “மலையில காச்சுனாலும் இதான், கரிசல்ல காச்சுனாலும் இதான். உன் நோட்டுல எழுதிக்கோ.”

நான் எழுதவில்லை. வாய் கொப்பளித்த ஊருணித் தண்ணீரும் அந்தப் பீரைக் காய்ச்சிய தண்ணீரும் எனக்கு ஒன்றாகப் பட்டன. மறுபடி செம்பை வாயில் வைத்துப் பார்த்தேன். அதே மென்மை, பின்னால் அதே லேசான மண்வாசனை. இது கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சியது இல்லை என்றேன்.

“தோத்தவன் தண்ணியத்தான்லே கொற சொல்லுவான்,” என்றான் அவன். “நான் நின்னு ஊத்தச் சொன்ன கெணத்துத் தண்ணி.”

நின்று ஊற்றினாயா, ஊற்றச் சொன்னாயா என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது.

“நாந்தான் அண்ணாச்சி மாத்துனேன்,” என்றார் எஸ்தர். “அந்தத் தண்ணிய மாட்டுக்குக் காட்டுவோம், துணி தொவைப்போம். வீடு தேடி வாரவுகளுக்கு அதையா காச்சி ஊத்துவாக? ஊருணியிலேருந்து கொண்டாந்து, தேத்தாங்கொட்டை ஒரைச்சுத் தெளிய வச்சு ஊத்துனேன். இவுககிட்டச் சொல்லல.”

அந்த நாட்டில் யாரும் விருந்தாளிக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதில்லை. பகையாளி வந்தாலும் நல்ல தண்ணீர்தான். அது எனக்கு முன்பே தெரியும். கல்யாணத்துக்குப் போனபோது கிணற்றுத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத்தான் வாயில் விட்டுப் பார்த்தேன். ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது பீர் வேறு, விருந்து வேறு என்று இரண்டு கிழவர்களும் நினைத்துவிட்டோம். தண்ணீர் சுமக்கிறவரை இருவருமே கேட்கவில்லை.

ஞானமுத்து உள்ளே போய்ப் பேனாவை எடுத்து வந்தான். மனைவியை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மட்டில் அவனைப் பாராட்டுகிறேன். பிறகு என்னிடம் சொன்னான், “ஊருணித் தண்ணின்னு நாக்குல கண்டுபிடிச்சிட்ட. நாக்கு கெடலன்னு எழுதித் தாரேன், கொண்டு போ.”

தண்ணீர்தான் காரணம் என்று நான் சொன்னது சரி, அதையும் எழுது என்றேன்.

“அத எங்கலே நீ காட்டுன? உப்புத் தண்ணியில காச்சவே இல்லையே. காணாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போட?”

காணாததற்குக் கையெழுத்துப் போட்டவன்தானே நீ என்றேன்.  பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். நாக்குக்கு மட்டும் என்றால் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் நாக்கு கெடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கெட்டதாக எழுத வைத்தது எந்த உண்மையோ, அது எழுதப்பட வேண்டும். பாதிக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பேனாவை மூடினான். மறுபடி காய்ச்சலாம் என்று இருவரும் சொல்லவில்லை. வாற்கோதுமை தீர்ந்துவிட்டது, பூவும் தீர்ந்துவிட்டது. மதுவிலக்கு ஒவ்வொரு ஜில்லாவாக வந்துகொண்டிருக்கிறது.

வண்டிக்குக் காத்திருந்தபோது எஸ்தரிடம் எத்தனை குடம் பிடித்தது என்று கேட்டேன். ஆறு என்றார். ஊருணி எவ்வளவு தூரம் என்றேன். ஒன்றேகால் மைல். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, மூன்று நடை. போக வர ஏழரை மைல். மழை தவறிய வருஷத்தில் ஊருணி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது, ஒரு குடம் நிறைய அரைமணி அகப்பையால் மொண்டிருக்கிறார். அந்த வீட்டுக்கு மூன்று நாள் குடிதண்ணீர் அது. ரயிலுக்கு எத்தனை மைல், பஸ்ஸுக்கு எத்தனை மைல் என்று குறித்துக்கொண்டே வந்தவன், அந்த ஏழரை மைலைத் தரையில் கவிழ்த்திருக்கிறேன்.

ஞானமுத்துவிடம் இன்னொரு போத்தல் கேட்டு வாங்கினேன். இருபத்து மூன்று வருஷத்தில் மூன்று மிடறுக்கு மேல் போனதில்லை. அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நல்ல பீர் இல்லை. கசப்பு அடிநாக்கை விட்டுத் திருச்சுழி வரை இறங்கவில்லை. யாரைப் பிரியப்படுத்தவும் அந்தத் தீர்ப்பை மாற்ற மாட்டேன். எஸ்தர் காலிப் போத்தலை வாங்கிக்கொண்டு, “இன்னைக்காவது கோழி சாப்புட்டுப் போலாம்ல அண்ணாச்சி,” என்றார். சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திருச்சுழியிலிருந்து கடைசி பஸ் நாலரைக்கு, அதை நம்பாமல் நாலு மணிக்கே நில்லுங்கள். வண்டிக்காரர் சொல்லும் மைலோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் கையில் கொண்டுபோங்கள். யார் வீட்டிலும் இரண்டாவது செம்பு கேட்காதீர்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

கிளம்பும்போது கொல்லைக் கிணற்றில் ஒரு போத்தல் பிடித்துக்கொண்டேன். கருப்பையாவின் மாடுகள் அந்தத் தண்ணீரைத்தான் வயிறு முட்டக் குடித்தன. போத்தல் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது எட்டு வீசை முளைகட்டிய வாற்கோதுமையும் ஒரு பொட்டலம் ஹாப்ஸும் மிச்சமிருந்தால், சட்டம் வருவதற்குள் எனக்கு எழுதுங்கள். இந்தத் தடவை தண்ணீரை நானே இறைத்துக்கொள்கிறேன்.