மணிக்கட்டில் ஒரு கம்பி

மெரெவலேசி அக்கா முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுவார். பிடுங்கியதை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் புது மென்பொருளைத் திறப்பார். "இப்ப கம்பி இல்லன்னு அழுதுச்சுன்னா அது இலவசம் இல்ல தம்பி, வாடகை வீடு" என்பார்.

தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில், எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் அவர் மேசை. பேட்டிகளையும் பழைய கடிதங்களையும் வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு, அவற்றை அலசிப் பார்க்கக் காசில்லாத மென்பொருள் தேடிக் கொடுப்பது வேலை. எது வந்தாலும் முதலில் தன் சபையின் பதினோரு வருட அறிவிப்புத் தாள்களை அதற்குத் தின்னக் கொடுப்பார். "பாஸ்டர் எத்தன தடவ கூரைய மாத்தணும்னு சொன்னார்னு எனக்குத் தெரியும். தப்பா எண்ணுச்சா, வெளிய போ!"

போன புதன்கிழமை ஆராய்ச்சி மாணவன் அபோரோசா வந்தான். கண்டாவுத் தீவில் கடல் தின்னும் நிலத்தைப் பற்றி நாற்பத்தோரு வீடுகளில் உட்கார்ந்து பேசி எழுதி வந்தவன். முப்பது நாள் இலவசம் என்ற மென்பொருள் முப்பத்தோராம் நாள் பூட்டிக்கொண்டது. அவன் வகைபிரித்து வைத்ததெல்லாம் உள்ளே. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டின் அத்தியாயம் போகாவிட்டால் ஆராய்ச்சிப் படிப்பில் அவன் இடம் பறிபோகும்.

"நீ எழுதின மூலம் எங்க?"

"பென் டிரைவ்ல இருக்குக்கா."

"அப்புறம் எதுக்கு இந்தச் செத்த வீட்டு மூஞ்சி?"

அக்கா தேடிக் கொடுத்த மென்பொருள் கம்பி இல்லாமலே ஓடியது. அதிகம் வரும் சொற்களைப் பெரிதாகக் காட்டியது. நடுவில் திரை நிறைய நின்றது 'கைதட்டல்'. விருந்தாளியோடு சுற்றி உட்கார்ந்து குடிக்கிற யங்கோனா வேர்ச்சாறு, கிண்ணம் காலியானதும் தட்டுகிற தட்டுகளை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறான். பக்கத்து மேசை சும்மா இருக்குமா? "மச்சான், ஆராய்ச்சிக்குப் போனியா, ரக்பி பாக்கப் போனியா?"

காது சிவக்க எல்லாவற்றையும் அழிக்கப் போனான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டார். "நில்லு. எத்தனாவது கிண்ணத்துக்கு அப்புறம் நிலத்தப் பத்தி வாய் தொறக்கிறாங்க? அதக் கேளு அதுகிட்ட."

கேட்டான். முதல் இரண்டு கைதட்டலுக்குப் பின் எல்லா வீட்டிலும் சௌக்கியம், மீன், மழை. நான்காவதற்குப் பின்தான் தகப்பன் கல்லறை தண்ணீரில் நிற்கிற பேச்சு. முப்பத்து மூன்று வீடுகளில் அப்படியே.

அபோரோசா மெல்லச் சொன்னான்: "முன்ன விவரம் கேக்க வந்த அரசாங்க ஆபீசருங்க ரெண்டாவது கிண்ணத்துலயே எந்திரிச்சிட்டாங்கக்கா. அதான் யாருக்கும் குறையில்லன்னு எழுதிட்டாங்க."

"எழுது அத."

வெள்ளிக்கிழமை கடைசி எண்ணிக்கையையும் அக்கா தன் முறைப்படியே சரிபார்த்தார். ஐந்தடிக்கப் பத்து நிமிடம். அனுப்பு என்று அழுத்தினான், போகவில்லை. மறுபடி அழுத்தினான். "அக்கா... போச்சுக்கா!"

அக்கா திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டிலிருந்து கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.