கத்தியைக் கீழே வைத்துவிட்டு

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிக் கத்தியை மடக்குகிறார். மடக்கியதைக் கண்ணாடிக்கு முன்னாலுள்ள பலகையில், சீப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கிறார். தோளில் கிடக்கும் துண்டில் கையைத் துடைத்துக்கொள்கிறார். நாற்காலியில் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக இருப்பவர் பொறுமையாகக் காத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் சலூன் மாஸ்டர் வாயைத் திறக்கிறார்.

"நீங்க சொல்றது சரியில்ல சார். பசங்க ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிறதுல தப்பே இல்ல. வீட்ல இருந்தா மட்டும் படிச்சுக் கிழிச்சிடுதுங்களா?"

சொல்லி முடித்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொள்கிறார். மறு கன்னம் தொடங்குகிறது.

புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து, மனிதருக்கு ஏதோ மறதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மறதியெல்லாம் ஒன்றும் இல்லை. கையில் கத்தி இருக்கும்போது மாஸ்டர் மழையைப் பற்றிப் பேசுவார், "தலையைக் கொஞ்சம் சாய்ங்க" என்பார், இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். தன் கருத்தை மட்டும் சொல்ல மாட்டார். சொல்லியே ஆகவேண்டும் என்று நாக்கு துடித்தால் கத்தி கீழே போய்விடும். பேச்சுக்காரர் என்பதால் ஒரு சவரத்துக்கு இது பலமுறை நடக்கும். அவசரக்காரர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. கத்தியும் நாக்கும் ஒன்றாகவே ஓடும். அவர் என்ன சொன்னாலும் நாற்காலியில் இருப்பவர் ஒத்துக்கொள்வார். தன் பேச்சில் ஏதோ சரக்கு இருக்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியிருந்தது. வீட்டில் மனைவி மட்டும் ஏன் எதற்கும் ஒத்துக்கொள்வதில்லை என்பதுதான் விளங்காமல் இருந்தது. ஒருநாள் ஒரு கணக்கு வாத்தியாரின் தொண்டையில் கத்தி ஓடிக்கொண்டிருந்தபோது, சும்மா சீண்டிப் பார்க்கலாமே என்று, "என்னைக் கேட்டா பள்ளிக்கூடத்துல கணக்குப் பாடத்தையே எடுத்துடணும் சார்" என்றார். வாத்தியார் கழுத்தை அசைக்காமல், உதட்டை மட்டும் பிரித்து, "ஆமாமா" என்றார். மாஸ்டர் கண்ணாடியில் அவர் கண்களைப் பார்த்தார். அவை கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை காலமாகத் தன் கருத்துக்குத் தலையாட்டியவர்கள் எல்லாரும் கழுத்துக்குப் பயந்துதான் ஆட்டினார்கள் என்றால் யாருக்குத்தான் இறங்கும்?

மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடம் படிப்பாள். அந்த வாரம் அரசியலமைப்புச் சட்டம், அடிப்படை உரிமைகள். பேச்சுரிமை எல்லாருக்கும் உண்டு என்று அவள் படித்ததும் மாஸ்டர் சீப்பு கழுவுவதை நிறுத்தினார்.

"எல்லாருக்கும்னா? கத்தி பிடிச்சிருக்கிறவனுக்கும் அவன் முன்னால உக்காந்திருக்கிறவனுக்கும் ஒரே உரிமைதானா?"

"ஒரே உரிமைதான்பா."

"அப்ப கத்தி?"

மகள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். கத்தியைப் பற்றி அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. அந்த விதியை மாஸ்டரே போட்டுக்கொண்டார். அரசியலமைப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இன்றைக்கும் அவ்வளவுதான். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டதால், மேற்கொண்டு சந்தேகம் கேட்கவும் ஆள் இல்லை.

கடையில் நாற்காலி இரண்டு. ஒன்றில் உயரம் நிற்பதில்லை. ஆளை ஏற்றி வைத்தால் அவர் தன்னையறியாமல் மெல்ல இறங்கிக்கொண்டே வருவார், மாஸ்டரும் கூடவே குனிந்துகொண்டே போவார். சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு, அதில் முடி வெட்ட வந்தவர்களைவிட வெட்டி முடித்தும் போகாதவர்களே அதிகம். மாஸ்டரின் தலையை வெட்டுவது அவர் மனைவி. பின்தெருவில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறார். புருஷனுடைய விதி அவருக்குக் கிடையாது. காதோரம் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டுதான் அவரைப் பற்றிய அபிப்பிராயங்களை எல்லாம் வரிசையாகச் சொல்வார். மாஸ்டர் அசையாமல் "ஆமாமா" என்பார்.

பெஞ்சின் நிரந்தர உறுப்பினர்களில் ஒருவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். எந்தக் கட்சியிலும் இல்லாதவர். மின்சார மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யார் ஆண்டாலும் எதிர்ப்பார். மாஸ்டர் கிருதாவைச் சரியாக எடுத்திருந்தால் "வலது பக்கம் தூக்கலா இருக்கே" என்பார். மாஸ்டருக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. "வந்துட்டாருய்யா" என்று அவர் தலை தெரியும்போதே முனகுவார். ஆனால் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்காரச் சொல்வார்.

வார்டு கவுன்சிலர் தெரு முனையில் ஒரு பேருந்து நிழற்குடை கட்டினார். எதிர்க்கட்சி அதைப் பார்த்துவிட்டுக் கடையில் சொன்னது இது: "உக்கார்ற பலகையைவிட அவர் படம் பெருசா இருக்கு. மழை வந்தா படம் நனையாது, நாமதான் நனைவோம்." பெஞ்சு சிரித்தது. சிரிப்பு கடையைத் தாண்டியது, தெருவைத் தாண்டியது. கொஞ்ச நாளில் அந்த நிழற்குடைக்குப் 'படக்கொட்டகை' என்றே பெயராகிவிட்டது. மாஸ்டருக்கு இதில் உடன்பாடே இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டே சொன்னார்: "என் வீட்டுக்காரி பார்லரை மூடிட்டு தினமும் அங்கதான் பஸ்ஸுக்கு நிக்கிறா. நனையாம வர்றா. படம் பெருசா இருந்தா உங்களுக்கு என்ன?"

விஷயம் கவுன்சிலர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு காலை அவரே சவரத்துக்கு வந்தார். இறங்கும் நாற்காலிதான் காலியாக இருந்தது. கடை இருப்பது நகராட்சிக் கட்டடத்தில். குத்தகை அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் கவுன்சிலர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது என்பது மாஸ்டருக்கும் தெரியும், கவுன்சிலருக்கும் தெரியும், பெஞ்சுக்கும் தெரியும்.

பாதி முகம் முடிந்திருந்தது. "மாஸ்டர், கடை உங்களோடது" என்றார் கவுன்சிலர், அன்பாகத்தான். "யாரை உள்ள விடணும், யாரை விடக்கூடாதுங்கிறது உங்க உரிமை. அந்த மீட்டர்காரர் இனிமே இங்க வரவேணாம். குத்தகையை நான் பாத்துக்கறேன்."

கத்தி கவுன்சிலரின் தொண்டையில் இருந்தது. ஆமாம் என்று சொல்ல வேண்டியது இந்த முறை மாஸ்டர். அவருக்கு எதிர்க்கட்சியைப் பிடிக்காது, நிழற்குடையைப் பிடிக்கும், கடையை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. ஒரு தலையசைப்பில் மூன்றும் சரியாகிவிடும்.

கத்தியை மடக்கினார். பலகையில் வைத்தார். கையைத் துடைத்தார். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரமே துடைத்தார்.

"கத்தியைக் காட்டிப் பேசினான்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாருங்க தலைவரே, அதான் வெச்சுட்டேன்" என்றார். "நான் தலையை மட்டும்தான் பாப்பேன். தலைக்குள்ள என்ன இருக்குன்னு பாத்து ஆளை உள்ள விட்டா அது சலூன் இல்ல. பேச எல்லாருக்கும் உரிமை இருக்குன்னு எம்பொண்ணு படிச்சா. அவர் பேசறது எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா வரவேணாம்னு என் வாயால சொல்ல முடியாது."

கவுன்சிலர் முகம் சுளித்தார். எழுந்து போயிருக்கலாம். ஆனால் பாதிக் கன்னத்தில் நுரையோடு எந்தக் கவுன்சிலர் தெருவில் நடப்பார்? நாற்காலி வேறு நேரம் பார்த்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கத்தியை எடுத்து, குனிந்து, மீதிக் கன்னத்தை வழக்கத்தைவிடப் பதமாக முடித்து அனுப்பினார்.

"பெரிய தியாகி!" என்றார் மனைவி அன்று இரவு. "அந்த ஆளுக்காகவா? உங்க வெட்டையே குறை சொல்ற ஆளுக்காகவா?" அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடை போச்சுன்னா என் பார்லர்ல வந்து கூட்டுங்க" என்றார். மாஸ்டருக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

குத்தகை பற்றி இதுவரை ஒரு தகவலும் வரவில்லை. கவுன்சிலரின் ஆள் ஒருவர் மட்டும் இப்போது தினமும் பெஞ்சில் வந்து உட்காருகிறார். முடி வெட்டிக்கொள்வதில்லை. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படிக்கிறார். பெஞ்சில் கூட்டம் குறைந்துவிட்டது.

எதிர்க்கட்சியும் கொஞ்ச நாள் வரவில்லை. இந்த வாரம் வந்தார். வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் நுரை போட்டார், கன்னங்களை மழித்தார். கிருதாவை வேண்டுமென்றே ஒரு பக்கம் சற்றுத் தூக்கலாக எடுத்துப் பார்த்தார். அதற்கும் பேச்சில்லை.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "என்ன, இன்னிக்கு ஒண்ணையும் காணோம்? நிழற்குடைக்கு ரெண்டாவது படமும் மாட்டிட்டாங்களே, பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் எதிர்க்கட்சி, தாழ்ந்த குரலில். "எதுக்கு மாஸ்டர்? என் வாயால உங்க கடைக்கு வம்பு வேணாம். நான் பேசாமலே இருந்துட்டுப் போறேன்."

பெஞ்சில் செய்தித்தாள் அசையவில்லை.

மாஸ்டர் கத்தியை மடக்கிப் பலகையில் வைத்தார். எதிர்க்கட்சி உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடிக்கு முதுகும் பெஞ்சுக்கு முகமுமாகத் திருப்பினார். அந்த ஆளின் உதட்டைச் சுற்றியிருந்த நுரையைத் துண்டால் ஒற்றி எடுத்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் பேசுவதைக் கேட்பதற்காக நின்றார்.