முழங்காலில் ஏற்றிய தங்கம்

திருநின்றவூர் கன்னியம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்சு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். முப்பத்தேழு வயதில் கைவிரல் மூட்டுகளும் வலது முழங்காலும் வீங்கின. விரல்களை வெந்நீரில் முக்கிச் சமாளித்தாள். முழங்கால்தான் பாடாய்ப் படுத்தியது. நீரை உறிஞ்சி எடுத்தாலும் பழையபடி ஊறிவிடும். ரயிலில் ஏறக் கணவன் செங்கல்வராயன் கைத்தாங்கலாகத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

1974-ல் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ரகுநாதன் ஒரு புது வைத்தியம் சொன்னார். கதிரியக்கம் உள்ள தங்கத்தைத் திரவமாக மூட்டுக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். வீங்கிய சவ்வை அது உள்ளிருந்தே சுட்டுச் சுருக்கும்.

"வயித்துல குழந்தை இருந்தா இது கூடாதும்மா. நாள் தள்ளிப்போயிருக்கா?"

தள்ளித்தான் போயிருந்தது. ஆனால் வியாதி வந்ததிலிருந்தே அவளுக்கு அது ஒழுங்காக வந்ததில்லை. மருந்து பம்பாயிலிருந்து வந்திறங்கிவிட்டது, வைத்திருந்தால் வீரியம் போய்விடும் என்றார்கள். இதை விட்டால் மறுபடி கூப்பிடுவார்களோ என்னவோ.

"அதெல்லாம் இல்ல சார்," என்றாள்.

ஊசி போட்டு, காலை அசையாமல் கட்டித் தனி அறையில் படுக்க வைத்தார்கள். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. யார் கையும் பிடிக்காமல் ரயில் ஏறினாள். விரல்கள்கூட மடங்கின. பிறகு ஒரு காலையில் சோறு கொதிக்கும் வாசனைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"டாக்டரு கேட்டாரா இல்லியா?" என்றான் செங்கல்வராயன்.

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

அவள் சோற்றுப்பானையை இறக்கி வைத்தாள். அவன் அன்றே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் சோதித்துப் பார்த்து, கர்ப்பம்தான் என்றார். "மருந்து பெரும்பாலும் முட்டியிலயேதான் நிக்கும். கொஞ்சம் கசிஞ்சிருக்கலாம். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. வேண்டாம்னா கலைக்க இப்ப சட்டமே இடம் கொடுக்குது." பிறகு அவள் கையைப் பார்த்தார். "விரல் எப்ப வடிஞ்சுது?"

"முட்டியோட சேந்துதான் சார்."

"விரலுக்கு நாம ஊசி போடலியே." கர்ப்பம் உண்டானால் பல பெண்களுக்கு இந்த மூட்டுவாதம் தானாகவே தணியும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்போ ஊசி இல்லாமயே முட்டி வடிஞ்சிருக்குமா சார்?"

"இருக்கலாம்."

திரும்பும்போது, கலைத்துவிடலாம் என்றான் கணவன்.

"என் வலிய தணிச்சதே இதுவா இருந்தா? இத்த எப்டி கலைக்க சொல்ற?"

பெண் பிறந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நாகவல்லி என்று பெயர் வைத்தார்கள். பிறந்த மூன்றாம் மாதம் கன்னியம்மாளின் விரலும் முழங்காலும் மறுபடி வீங்கின. பால் கொடுக்கக் குழந்தையைச் செங்கல்வராயன்தான் எடுத்துவந்து மடியில் கிடத்தினான். இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். வேலையும் போயிற்று.

குழந்தைக்கு உடம்பு சுட்டாலே போதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள். நாலு வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் ரகுநாதன்.

"இன்னும் எத்தினி வருசம் பாத்துகினே இருக்கணும் சார்?"

"பயப்படாதம்மா," என்றார் அவர்.

அவள் கேட்டது அதையல்ல. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி வைத்து ஸ்டேஷனுக்கு நடந்தாள்.