பட்டுச்சேலையும் என் மடக்குக்கத்தியும்

அவிச்ச நெல்லு வாசம்... தலைமுடியெல்லாம் தவிட்டுத் தூசி... புதுவயல் ரைஸ்மில்லுல வேலைக்குச் சேர்ந்த புதுசுல தினமும் அப்படித்தான் வீட்டுக்கு வருவேன்.

மூட்டையில சாம்பிள் எடுத்துப் பாக்குற வேலை. தையல் நூலை அறுக்க ஒரு மடக்குக்கத்தி வச்சிருந்தேன். விரல் நீளம்தான். வேலை முடிஞ்சா தொடச்சு மடக்கி, 'டிக்'னு சத்தம் கேட்டப்பறம்தான் ஹேண்ட்பேக்ல போடுவேன். யார் கேட்டாலும் மடக்கித்தான் குடுப்பேன்.

"பொம்பளப்புள்ளைக்கு எதுக்குடி கத்தி?" அம்மா மட்டும் புலம்பிக்கிட்டே இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் ஸ்கூட்டியில காரைக்குடி வந்துக்கிட்டிருக்கேன். முன்னாடி போன பைக்கு கிரீச்சுன்னு நின்னுச்சு. பின்னாடி உக்காந்திருந்த ஒரு அக்காவோட முந்தானை சக்கரத்துல சுத்திருச்சு! தோளும் கழுத்தும் இறுகி, ஒருபக்கமா சாஞ்சு கெடக்காக. அவுக வீட்டுக்காரர் பதறிப்போயி சக்கரத்தத் திருப்ப... இன்னும் இறுகுது.

"சக்கரத்தத் தொடாதீகண்ணே! வண்டிய மட்டும் கெட்டியாப் புடிங்க. அக்கா, அசையாதீக!"

கத்திய விரிச்சேன். அக்கா அலறுனது கத்திக்குப் பயந்து இல்ல...

"ஏங்க, புதுப் பட்டுங்க!"

"பட்டு கெடக்குது, நீ சும்மா இருடி!"

கத்தியத் தோள்பக்கம் கொண்டுபோகல. சக்கரத்துக்கிட்ட முந்தானை விறைச்சு நின்ன எடத்துல, கூர் அவுக பக்கம் வராம, வெளிப்பக்கமா இழுத்தேன்.

டர்ர்ர்...

அக்கா மூச்சு வாங்கி, என்னையக் கட்டிப்புடிச்சு, முதல்ல அழுது, அப்பறம் சிரிச்சாக.

செக்காலையில ஒரு ரிசப்ஷனுக்குப் போற வழியாம். என்கிட்ட இருந்த ஊக்கெல்லாம் குத்தி மிச்ச முந்தானைய உள்ள மடிச்சுவிட்டேன்.

"நீயும் வா, சாப்பிட்டுப் போகலாம்."

"இந்தக் கோலத்துலயாக்கா?"

"என் கோலம் மட்டும் எப்படி இருக்காம்?"

மண்டபத்துல பாக்குறவுககிட்டயெல்லாம் கதையச் சொல்லிட்டாக. கடைசியில கல்யாணப்பொண்ணே என்னைய மேடைக்குக் கூப்பிட்டு, மடக்குன கத்தியக் கையில வாங்கி, அதோட ஒரு போட்டோ! மாப்பிள்ள மொகத்த நீங்க பாத்திருக்கணுமே... பந்தியில அக்கா பக்கத்துல உக்காந்து எனக்கு ரெண்டு தடவ பாயசம் ஊத்தச் சொன்னாக.

இப்ப சென்னையில ஆபீஸ். மெட்ரோவுல பேக்க செக் பண்றதால கத்தி வீட்டுலயே இருக்கு, பார்சல் பிரிக்க. கல்யாணப் பத்திரிகை வாட்ஸப்ல வருது... எத்தன பேர் வர்றீங்கன்னு முன்னாடியே கேக்குறாக. போறேன், மொய் வைக்கிறேன், சாப்பிடுறேன்.

ஆனா முன்னப்பின்ன தெரியாத ஒருத்தவுக என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, கூப்பிடாத கல்யாணத்துல சாப்பிட்டு... ரொம்ப வருஷமாச்சுங்க.