பெடல் எட்டாத பச்சை வண்டி

முக்கால் என்றுதான் அவளுக்குப் பெயர். வைத்தது அண்ணன். எட்டு வயதில் வைத்த பெயர் நாற்பத்தாறு வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயரமும் அப்போதிலிருந்து பெரிதாக நகரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பஸ்ஸில் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளலாம், தொல்லை இல்லை. ஆனால் பாருங்கள், இழுக்கவே முடியாத சீட் உள்ள ஒரு வண்டியின் மேல்தான் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது.

அது ஒரு பிக்கப். வயது ஐம்பத்தெட்டு. மரக்கிடங்குக்குப் பின்னால் டயர் நான்கும் மண்ணில் புதைந்து, பின்தொட்டி நிறைய மழைத்தண்ணீரோடு கிடந்தது.

"வண்டியா வாங்கினே, மீன் வளக்கத் தொட்டி வாங்கினியா?" என்றான் அண்ணன். கேலி பேசின வாய்தான். மறுநாள் ஸ்பானர் பெட்டியோடு முதல் ஆளாக வந்து நின்றதும் அவன்தான்.

அதை ஓட வைக்க ஆறு வருடம்! கதவுக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி ஒன்றுக்காக மட்டும் மூன்று வருடம் பழைய இரும்புக் கடைகளில் நாயாக அலைந்தாள். வெயிலில் வெளுத்த பச்சைக்கு மேல் புதுப் பெயிண்ட் அடிக்கலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், எரிந்து விழுவாள்.

"அது கம்பெனியில அடிச்சது. அதுல கை வெச்சா கை இருக்காது!"

தன் வசதிக்கென்று அவள் செய்துகொண்டது ஒன்றே ஒன்று. அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் பெடலுக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே கால் அந்தரத்தில் நின்றுவிடும். மூன்று மரக்கட்டைகளை இழைத்து, ரப்பர் ஒட்டி, பெடலுக்கு ஒன்றாகக் கிளிப் போட்டு இறுக்கினாள். ஒரு துளைகூடப் போடவில்லை.

எல்லாம் எதற்கு? பழைய வண்டிகளின் ஊர்வலத்தில், அசல் வண்டிகள் மட்டுமே போகும் முதல் வரிசையில், தானே ஓட்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஊர்வலத்தன்று காலை பரிசோதகர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தே பார்த்தார். "பிரமாதம்மா! அப்படியே காப்பாத்தி வெச்சிருக்கீங்க" என்று எழுந்தவர் கண்ணில் பெடல் பட்டுத் தொலைத்தது.

"இது என்ன கட்டை? வண்டியில புதுசா எதுவும் மாட்டியிருக்கக் கூடாதே. கழட்டினா முதல் வரிசை. இல்லேன்னா மாத்தம் செஞ்ச வண்டிங்களோட கடைசியில வாங்க. பத்து நிமிஷம் இருக்கு."

"ப்பூ, இவ்வளவுதானா!" என்றான் அண்ணன். "கழட்டு கழட்டு. நான் ஓட்டறேன். நீ பக்கத்துல ராணியாட்டம் உக்காந்து வா."

நல்ல மனசோடுதான் சொன்னான். அவளும் மூன்று கட்டைகளையும் கழற்றினாள். அவன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் போய் அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்குண்ணா."

"ஏன்டி? முதல் வரிசைடி!"

"முதல் வரிசையில என் வண்டி போகும். நான் போகணும்ல?"

அண்ணன் இறங்கினான். அவள் தன் கையில் இருந்த கட்டைகளைப் பார்த்தாள். தன் ஷூவைப் பார்த்தாள். அடுத்த நொடி கத்தினாள்.

"அண்ணா, உன் பெல்ட்டைக் கழட்டு!"

ஒரு காலுக்கு அவன் பெல்ட், மறு காலுக்கு அவள் கைப்பையின் வார். தரையில் மண்டி போட்டு, காலுக்கு ஒரு கட்டையாக ஷூவின் அடியில் வைத்து இறுக்கிக் கட்டினான் அண்ணன். பரிசோதகர் ஓடி வந்தார்.

"என்னம்மா கூத்து இது?"

"வண்டி அப்படியே இருக்கு சார். கட்டை டிரைவர் கால்ல இருக்கு. அதுக்கு ஏதாவது விதி இருக்கா?"

மனிதர் கையில் இருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "இல்லம்மா. ஆனா பிரேக் பிடிச்சுக் காட்டுங்க" என்றார். மூன்று முறை ஓட்டி மூன்று முறையும் டக்கென்று நிறுத்தினாள்.

ஊர்வலம் கிளம்பியது, ஆள் நடக்கிற வேகத்தில். முதல் வரிசையில் வெளுத்த பச்சை. பக்கத்துச் சீட்டில் அண்ணன், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஜன்னலுக்கு வெளியே வீசி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே வந்தான்.

"ஓட்டறது யாரு தெரியுமா? என் தங்கச்சி! என் தங்கச்சிங்க!"

முக்காலுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.