துணியென்று வெட்டிய சாய்தளம்

வார்டு கவுன்சிலரின் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தால், அவளிடம் வந்த புகாரில் பொய் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மிதி நின்றால் வேலை நடக்கும். வார்டில் எல்லாருக்கும் இது தெரியும். குப்பை வண்டி வந்து ஒரு மாதமாகிறது என்று எதிர்த்தெருக்காரர் முழங்கிக்கொண்டிருக்க, அவள் கால் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது. "நேத்து காலைல உங்க வீட்டம்மா வாளியோட வண்டி பின்னாடி ஓடினாங்களேண்ணா, அது எந்த வண்டி?" என்று தலை நிமிராமல் கேட்டாள். அண்ணன் வந்த வழியே போய்விட்டார்.

ஊருக்கு அவள் டெய்லரக்கா. "கவுன்சிலர்" என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பாள். கனத்த உடம்பு, சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிக்கொள்ளும். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார் என்று யார் சொன்னாலும் காதில் விழாது. நகராட்சிக் கூட்டத்துக்குப் பொத்தான் தைக்க வேண்டிய சட்டைகளோடுதான் போவாள். இது சபைக்கு அழகா என்று தலைவர் ஒருமுறை கேட்டார். "காது சும்மாதான் இருக்கு தலைவரே, நீங்க பேசுங்க" என்றாள்.

தேர்தலில் அவள் கொடுத்த வாக்கு ஒன்றுதான். நகராட்சி மருத்துவமனை வாசலில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம். அதற்குக் காரணம் அவள் தெருவில் இருக்கும் பழைய பஸ் டிரைவர். முதுகில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகள் மட்டும் இன்னும் ஸ்டியரிங் பிடித்த கைகள். உட்கார்ந்தே இருந்ததில் புண் வந்துவிட்டது. அதை வாரம் தவறாமல் டாக்டர் பார்த்தாக வேண்டும். வாசலில் இரண்டு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுவார்கள். ஒருநாள் அப்படிப் போய் வீடு திரும்பியவர், "மூட்டைய ஏத்துற மாதிரி ஏத்துறாங்க. இனிமே நான் வரல" என்றார். அதோடு சரி. மனைவிதான் போய் மருந்து வாங்கி வந்தாள். புண் ஆழமாகிக்கொண்டே வந்தது.

நடையாய் நடந்து டெய்லரக்கா அனுமதி வாங்கினாள். பொறியாளர் போட்ட வரைபடத்தில் சாய்தளம் நீளமாக ஓடி, மருத்துவமனை முன்னால் அவளுடைய கொழுந்தன் நடத்தும், சைக்கிளும் பைக்கும் நிறுத்தும் வண்டி ஸ்டாண்டில் பாதியை விழுங்கியது. ராத்திரிச் சாப்பாட்டில் அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "ஊருக்கு நல்லது பண்ணு அண்ணி, வேணாங்கல. என் வயித்துல அடிச்சுத்தான் பண்ணணுமா?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கால்சட்டை நீளமாக இருந்தால் அடியை வெட்டி மடித்துத் தைப்பாள், பிழைப்பே அதுதான். சாய்தளத்தையும் அப்படியே பார்த்தாள். ஏறப் போவது அதே உயரம்தானே, வாலில் கொஞ்சம் குறைத்தால் என்ன? குறைக்கச் சொன்னாள். கவுன்சிலரோடு வாதாடும் வழக்கம் பொறியாளருக்குக் கிடையாது. குறைத்துவிட்டார்.

திறப்பதற்கு முன் ஏற்றிப் பார்க்க டிரைவரை அவளே கெஞ்சிக் கூட்டி வந்தாள். மனைவி பின்னாலிருந்து தள்ளினாள். பாதி ஏற்றத்தில் நாற்காலி நின்றது. பிறகு பின்னால் வழுக்கியது. மனைவியின் செருப்பு சிமெண்டில் தேய்ந்தபடி இறங்கியது. டெய்லரக்கா பாய்ந்து தன் இடுப்பை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். யாருக்கும் அடியில்லை. டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "இது மலைப்பாதைம்மா. ஃபர்ஸ்ட் கியர்லகூட ஏறாது."

தள்ளிவிட ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றார் பொறியாளர். டிரைவர் வீட்டுப் பக்கம் சக்கரத்தைத் திருப்பினார்.

அடுத்த கூட்டத்துக்கு டெய்லரக்கா சட்டை எதுவும் கொண்டுபோகவில்லை. எழுந்து நின்று, கட்டியதை இடித்துவிட்டு முதல் வரைபடத்தின்படியே கட்ட வேண்டும் என்றாள். எதிர்வரிசை உறுப்பினர் ஒருவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னக்கா, துணின்னு நெனச்சு வெட்டிட்டீங்களோ?"

"ஆமா, துணின்னுதான் நெனச்சேன். பொறியாளர் மேல தப்பில்ல, கொறைக்கச் சொன்னது நான். அப்படியே எழுதிக்குங்க."

தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில்தான் பாடு. கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் சமாதானம் பேசவில்லை. மருத்துவமனைக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த இடத்தை ஸ்டாண்டுக்குக் கேட்டு வாங்கினாள். தெருப் பெண்களைக் கூட்டிப்போய்த் தானும் அரிவாள் பிடித்து வெட்டினாள். கண்காணாத இடத்தில் எவன் வண்டி விடுவான் என்று அவன் முணுமுணுத்தான். அங்கே நாள் முழுக்க மரநிழல். வெயிலில் சீட்டு சுடுவதில்லை என்று ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். இந்த யோசனையே தன்னுடையதுதான் என்று இப்போது அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளும் ஆமாம் போடுகிறாள்.

புதிய சாய்தளம் சாவகாசமாக ஏறி, நடுவில் சமதளமாக ஓர் இடம் விட்டு, மடங்கி, வாசலைத் தொடுகிறது. காய்ந்து தயாரான அன்று டிரைவர் வந்தார். அடியில் நின்று ஏற்றத்தை ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு மனைவியிடம், "கைய எடு" என்றார்.

சக்கரத்தை அவரே உருட்டினார். சமதளம் வந்ததும் நின்றுவிட்டார். சட்டை முதுகு நனைந்திருந்தது. தோள்கள் ஏறி இறங்கின. மனைவி பதறி ஓர் எட்டு வைத்தாள். டெய்லரக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே நின்ற சக்கரம் மறுபடி அசையும்வரை பிடியைத் தளர்த்தவேயில்லை.