கௌசு தலைமை தாங்கிய இரங்கல் கூட்டம்

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் கௌசு பால் அளக்கும்போது அவளை அவசரப்படுத்தினால் காரியம் நடக்காது. நுரை அடங்கினால்தான் அளவைப் பார்ப்பாள். "பஸ் போயிடும்னா நீ போ. நுரைக்குக் காசு குடுக்க சங்கத்துக்கு என்ன கிறுக்கா?" என்பாள். முப்பது வருஷமாக அதே வேலை, அதே பதில்.

கணவன் தென்னையில் கள் இறக்கப் போய் விழுந்து செத்தபோது மகன் ஷினோஜ் தவழ்ந்துகொண்டிருந்தான். பக்கத்து வீட்டு வல்சனுக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் ஷினோஜைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவான். நீந்தக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். கடைத்தெருவின் மேல்முனையில் ஒரு கட்சி ஆபீஸ் இருந்தது, கீழ்முனையில் இன்னொன்று. மேல்முனைக்காரர், கீழ்முனைக்காரர் என்றே சொல்வோம். கௌசு வீடு அவள் அப்பன் காலத்திலிருந்து மேல்முனை. வல்சன் கீழ்முனைக்குச் செயலாளர். அதற்காக வேலிக்கு மேலே மீன்குழம்புக் கிண்ணம் போய்வருவது நிற்கவில்லை.

வல்சனிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயிருந்து கிளம்பினாலும் எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப மாட்டான். டீக்கடையிலிருந்து புறப்பட அவனுக்கு அரைமணி ஆகும். "வரட்டா?" என்று எழுந்து, வாசலில் திரும்பி "அப்ப வரட்டா?" என்று கேட்டு, ரோட்டிலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டுச் சொல்வான். அவன் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய் கௌசு பார்த்தது ஒரே ஒரு தடவைதான். கணவன் செத்த அன்று அவள் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை; பார்த்தது அவளுடைய அம்மா செத்த அன்று. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வந்தான், நின்றான், திரும்பிப் பார்க்காமல் போனான். தன் கிணற்றடியில் வேட்டி சட்டையோடு தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகே வீட்டுக்குள் காலை வைத்தான்.

ஷினோஜ் செத்தபோது அவன் வரவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கோயில் திருவிழா முடிந்த மறுநாள், கீழ்முனை ஆட்கள் ஷினோஜை நடுரோட்டில் வெட்டினார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயது. வழக்கில் வல்சன் பெயர் இல்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பது கௌசுவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று நாள் கதவு மூடியிருந்தது. பிறகு திறந்தது. அவன் மட்டும் வரவில்லை. உடலைக் கொண்டுவந்த அன்று மேல்முனைச் செயலாளர், பள்ளிக்கூட வாத்தியார் திவாகரன் மாஷ் கௌசுவின் காதருகே, "தியாகியோட அம்மா அழக்கூடாது சேச்சி" என்றார். அவள் அழவில்லை. கையை முஷ்டியாக முறுக்கிக் கோஷம் போட்டாள். அடுத்த தேர்தலில் கட்சி அவளை வார்டு மெம்பராக்கியது. நூலகத்துக்கு எதிரே ஷினோஜின் படத்தோடு ஒரு பஸ் நிழற்கூடம் கட்டியது. கீழ்முனைக்காரர் எந்த மழைக்கும் அதற்குள் ஒதுங்க மாட்டார்கள். வல்சனும் பக்கத்தில் குடையோடு நிற்பான். குடை இல்லாவிட்டால் நனைவான்.

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. மன்னிப்புக்கூட இல்லை. வல்சன் ஒரு தடவை, சாவு வீட்டுக்கு வருவதுபோல வந்து நின்றுவிட்டுப் போக வேண்டும்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் மேல்முனைக் கட்சியின் அகில இந்தியத் தலைவர் தில்லியில் இறந்துபோனார். மாஷ் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு பால் சங்கத்துக்கு வந்தார்.

"சாயங்காலம் அனைத்துக் கட்சி இரங்கல் கூட்டம். வார்டு மெம்பர்தானே தலைமை, அதுதானே நம்மூர் வழக்கம்."

"எனக்கு இடுப்பு வலி மாஷே."

"இடுப்பு வலியா, வல்சன் வலியா?"

கௌசு கேனைக் கழுவிக்கொண்டே, "அவனும் பேசறானா?" என்று கேட்டாள்.

"பேசாம? போன வருஷம் அவங்க தலைவர் செத்தப்ப நாம போகலையா? நான் அழுத அழுகையில அவங்க ஆளுங்களே எனக்கு சோடா வாங்கிக் குடுத்தாங்க. இதெல்லாம் ஒரு மரியாதை சேச்சி."

"என் பையனுக்கு அந்த மரியாதை யார் செஞ்சாங்க?"

மாஷ் பேட்ஜைச் சரிசெய்துகொண்டார். "வெட்டுக்குத்துல போனா இரங்கல் கூட்டம் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? எவன் வருவான்? அஞ்சு மணிக்கு வந்துடுங்க."

நூலகத்துக்கு முன்னால் பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டிருந்தார்கள். மாலை போட்ட தலைவர் படம். நடு நாற்காலியில் கௌசு, வலப்பக்கம் மாஷ், இடப்பக்கம் வல்சன். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்ததில்லை. வல்சனுக்குத் தலை நரைத்திருந்தது. சட்டைப் பையில் எழுதிக்கொண்டுவந்த தாள் துருத்திக்கொண்டிருந்தது. கீழே ஒரு பக்கம் மேல்முனைக்காரர், மறுபக்கம் கீழ்முனைக்காரர், எல்லார் நெஞ்சிலும் ஒரே கறுப்புத் துணி.

கௌசு மைக்கைப் பிடித்தாள். "மறைந்த நம் தலைவருக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து மௌனமா நிக்கணும்னு கேட்டுக்கறேன்."

நாற்காலிகள் உராய்ந்தன. எல்லாரும் தலை குனிந்தார்கள். தலைமை தாங்குகிறவர் 'உட்காரலாம்' என்று சொல்லும்வரை நிற்க வேண்டும், அதுதான் முறை. பலரும் பத்துப் பதினைந்து மூச்சிலேயே சொல்லிவிடுவார்கள். கௌசுவும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே நிழற்கூடத்தில் ஷினோஜ் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் கீழ்முனைக்காரர் அத்தனை பேரும் தலை குனிந்து நின்றார்கள். நடுவே ரோடு மட்டும்தான். அவளுக்கு வாய் மூடிக்கொண்டது.

ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போயிருக்கும். கீழே யாரோ, "மெம்பர் நின்னபடியே தூங்கிட்டாங்களா?" என்றார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மாஷ் குனிந்தபடியே, "சேச்சி, உட்காரலாம்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார்.

"நுரை அடங்கட்டும் மாஷே."

அது மைக்கில் கேட்டது. கீழ்முனைப் பக்கத்தில் ஒருவன் நிமிர்ந்து, அவள் பார்வை போன இடத்தைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. நாற்காலியை வேண்டுமென்றே சத்தம் வர இழுத்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இருந்தவனும் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்க உட்கார்ந்துவிட்டது. முன் வரிசையிலிருந்து, "வல்சேட்டா, உட்காருங்க! இது தலைவருக்கு நிக்கறது இல்ல!" என்று குரல் வந்தது.

கௌசு திரும்பிப் பார்க்கவில்லை. இடப்பக்கத்து நாற்காலி சத்தம் போடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. வல்சன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது, ஏற்றத்தில் சுமை தூக்கி வந்தவன் மூச்சுபோல.

"உட்காரலாம்" என்றாள் கடைசியில்.

வல்சனைப் பேச அழைத்தார்கள். தாளை விரித்து, "பாரதத்தின் தவப்புதல்வர்" என்று தொடங்கினான். "அவரை இழந்த குடும்பத்துக்கு..." என்ற இடத்தில் குரல் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தான், மறுபக்கத்தில் எழுதாததைத் தேடுகிறவன்போல. பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

மாஷுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா சேச்சி? நம்ம தலைவருக்கு எதிர்க்கட்சிக்காரனே எப்படிக் கலங்கறான்!"

கூட்டம் முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. மேடையில் இருந்தவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். வல்சன் எழுந்தான். யாரிடமும் வரட்டா என்று சொல்லவில்லை. கௌசுவைப் பார்க்கவும் இல்லை. பெஞ்சிலிருந்து இறங்கி, குடையை அங்கேயே விட்டுவிட்டு, மழையில் நடந்து போனான்.

"என்ன ஆளுய்யா, சொல்லாம கொள்ளாம போறான்! மரியாதை தெரியாதவன்" என்றார் மாஷ்.

கௌசு மழையில் போகிறவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பப் பயமாக இருந்தது. மனசு சரியில்லாமல் போயிருப்பான், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பின்கட்டுக் கதவைத் திறந்தபோது இன்னும் இருட்டவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது.

வல்சன் கறுப்பு பேட்ஜைக்கூடக் கழற்றாமல் நின்றான். உடம்பில் காய்ந்த இடம் ஒன்றில்லை. வாளியை இறைத்துத் தலையில் ஊற்றினான். மறுபடி இறைத்தான்.

அவன் மனைவி ரமணி வாசற்படியிலிருந்து கத்தினாள். "உங்களுக்கு என்ன பைத்தியமா? வானமே தலையில ஊத்துது, கிணத்துத் தண்ணி வேற எதுக்கு? உள்ள வாங்க!"

"குளிக்காம எப்படிடி வர்றது?" என்றான் வல்சன்.

ரமணி அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கௌசு பின்கட்டுப் படியில் உட்கார்ந்தாள். அம்மா செத்த அன்று அவள் மடியில் ஷினோஜ் இருந்தான். வல்சன் மாமா சட்டையோடு குளிப்பதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். இப்போது மடியில் யாருமில்லை. ஒன்பது வருஷமாக முறுக்கி வைத்திருந்த கை தானாகத் திறந்தது. அழக்கூடாது என்று சொல்ல மாஷ் பக்கத்தில் இல்லை. "என் பிள்ளையே" என்று வாய்விட்டு, அன்றுதான் செய்தி கேட்டவள்போல, கௌசு அழுதாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வாளி கிணற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது.